பழி இரத்தத்தின் மீதா?

"நம் இனத்துக்கு இது இரத்தத்திலேயே ஊறிய நோய், ஐயா. என்ன செய்ய முடியும்?"

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையில், தேநீர் வேளையில், இச்சொற்களை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்கு நீரிழிவால் கால்விரல் எடுக்கப்பட்டபோது கேட்டேன். மாணவன் ஒருவனின் தந்தை நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் மாண்டபோது கேட்டேன். கேட்டபோதெல்லாம் நானும் தலையாட்டினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது. குற்றவாளிக் கூண்டில் முதலில் என்னையே நிறுத்திக்கொண்டு இதனை எழுதுகிறேன்.

எண்களை நான் மறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் அது 31.4 விழுக்காடு. சிங்கப்பூரில் 2010இல் எடுத்த கணக்கில் சீனர் 9.7, மலாய்க்காரர் 16.6, இந்தியர் 17.2 விழுக்காடு. எண்கள் உண்மை. அவ்வெண்களுக்கு நாம் கற்பிக்கும் காரணத்தின்மீதே என் வழக்கு.

நாம் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, இரத்தம். மற்றொன்று, பழக்கம்: "நம்மவர்கள் சோற்றையும் சீனியையும் சாராயத்தையும் விடமாட்டார்கள்" என்பது. இவை இரு வேறு காரணங்கள் போலத் தோன்றினும் செய்கின்ற வேலை ஒன்றுதான். செயல்பட வேண்டியவர்களை இவை விடுதலை செய்துவிடுகின்றன. நோயாளியைக் கூண்டில் ஏற்றுகின்றன. மருத்துவத்தில் இனப்பாகுபாடு என்பது ஒருவன் வாயிலில் நின்றுகொண்டு நம்மைத் தடுப்பது மட்டும் அன்று. தடுக்கக்கூடிய நோயைத் தடுக்க முடியாதது என்று நம்ப வைப்பதும் பாகுபாடுதான். அதற்கு நாமே துணை போவது அதனினும் கொடிது.

ஒரு சிறுமியின் கேள்வி

சில ஆண்டுகளுக்குமுன் எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தனர். ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் கூலி போகும் வேலை. பாட்டி தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டபின் நகரத்து மலிவுவிலை அடுக்ககத்திற்கு வந்தவர். தமிழ் ஒன்றே அவர் மொழி. "நெஞ்சு அடைக்குது, இடது கை மரக்குது" என்றார் அவர். பேத்தி அதனைத் தனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களில் சொன்னாள். அச்சொற்களின்படி பாட்டிக்கு வயிற்றில் காற்று, கையில் வலி. காற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அதே மருத்துவமனைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தார், இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

அங்கே எவரும் அம்மூதாட்டியை இழித்துப் பேசவில்லை. மருத்துவர் கடுமுகம் காட்டவில்லை. கூட்டம் மிகுந்த நாள், கேட்டதை எழுதினார், எழுதியதற்கு மருந்து கொடுத்தார். தீயவன் ஒருவன்கூட இல்லாத அவ்விடத்தில் ஒரு தமிழ்த் தாய்க்கு மற்றவர்க்குக் கிடைக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை. பாகுபாடு நிகழ வெறுப்பு வேண்டும் என்பதில்லை. ஏற்பாடு இல்லாமை போதும்.

மறுவாரம் அச்சிறுமி என் அறைக்கு வந்து கேட்டாள்: "சார், நெஞ்சு அடைக்குதுன்னா மலாயில என்ன சார்?" விடை எனக்குத் தெரியும். அதனை அவளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை என்பதும், தன் பாட்டியின் நோய்க்குத் தானே காரணம் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதுமே என் வாயை அடைத்தன. அவளுடைய தந்தையோ, "நம்ம இரத்தம் அப்படி, சார். எங்க அப்பாவும் நெஞ்சுவலியிலதான் போனாரு" என்று சொல்லி என்னைத் தேற்றினார்!

அரிசியா, இனமா?

இரத்தத்தின்மீது பழிபோடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நமக்கு மட்டும் உரியதும் அன்று. நூறாண்டுகளுக்குமுன் இதே மண்ணில் அப்பழக்கத்தை அறிவியல் தோற்கடித்த வரலாறு ஒன்று உண்டு. நம் மாணவர்க்கு நாம் சொல்லித்தர மறந்த வரலாறு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. கால் வீங்கும்; உணர்வு மரக்கும்; இறுதியில் இதயம் நின்றுபோகும். அருகிலேயே வாழ்ந்த தமிழரையும் மலாய்க்காரரையும் அது பெரிதாகத் தீண்டவில்லை. எனவே அது சீனரின் நோய், சீனர் உடல்வாகு அப்படி, சீனர் குடியிருப்பு அப்படி என்றெல்லாம் காரணங்கள் கூறப்பட்டன. இன்று நாம் நம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்வதை அன்று அவர்களைப்பற்றிச் சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க் குடியானவர் உண்டது வீட்டு உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டதோ நம் பாட்டிமார் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிய புழுங்கலரிசி. நோய் இனத்தைப் பின்பற்றவில்லை, அரிசியைப் பின்பற்றியது. தம் முடிவுகளை 1907இல் அவர் நூலாக வெளியிட்டார்.

அவ்வேளையில் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். 1905 இறுதியில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தோருள் ஒரு சாரார்க்கு வெள்ளரிசியும் மறு சாரார்க்குப் புழுங்கலரிசியும் கொடுக்கப்பட்டன. வெள்ளரிசி உண்ட 120 பேருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் நோய்க்குறி கண்டவர் இருவரே. இறந்தவர் ஒருவரும் இலர். அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், சாலை போடும் வேலையில் இருந்த சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேரிடையே ஆய்வு செய்தனர். அவர்கள் சீனரும் அல்லர், தமிழரும் அல்லர். வெள்ளரிசி கொடுத்தபோது அவர்களுக்கும் பெரிபெரி வந்தது. புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறையே காரணம் என்பது தெளிவாயிற்று. அச்சத்தைத்தான் இன்று பி1 உயிர்ச்சத்து என்கிறோம்.

மாண்டுபோன அந்தப் 18 பேர், தம்மீது நடந்த சோதனை என்னவென்று அறியாமலே மாண்டனர் என்பதையும் இங்கே மறைக்கலாகாது. அறிவியலின் வெற்றிக்கும் ஆதரவற்றோரே விலை கொடுத்தனர். அவர்கள் கொடுத்த விலைக்கு நாம் கற்க வேண்டிய பாடமாவது மிஞ்ச வேண்டாமா? ஓர் இனத்தின் இரத்தத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட நோய் ஆலையின் தீட்டு இயந்திரத்தில் இருந்தது. இதுவே அப்பாடம்.

ஒரே இரத்தம், இரு தோட்டங்கள்

பெரிபெரியிலிருந்து தப்பிய நம் முன்னோரைப் பிடித்தது மலேரியா. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் காட்டை அழித்துப் பரவியபோது, கப்பலிலிருந்து இறங்கிய தமிழர் மழைக்கால ஈசல்போல் மடிந்தனர். ஓராண்டில் ஆயிரம் பேருக்கு நூறு பேருக்கும் மேலாக மாண்ட தோட்டங்களும் இருந்தன. "தமிழன் வலுவற்றவன், ஊரிலிருந்து வரும்போதே நோஞ்சான், துப்புரவு அறியாதவன்" என்று துரைமார் சொன்னார்கள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கொயினா மருந்தை விழுங்க வைத்தார்கள். சாவு குறையவில்லை என்றால் அதற்கும் தமிழனே பொறுப்பு: அவன் மருந்தைத் துப்பிவிட்டானாம்!

கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் நோயாளியைப் பார்ப்பதோடு நில்லாமல் நிலத்தையும் பார்த்தார். கொசுவே மலேரியாவைக் கடத்துகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் கண்டறிந்திருந்தார். 1901 முதல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துப் புதரை வெட்டியதும், நான்கே ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

பின்னர் அவர் தோட்டங்களுக்குச் சென்றார். அங்கே அவர் கண்டதைத்தான் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். கடலோரச் சமநிலத் தோட்டங்களில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டியதும் மலேரியா ஓய்ந்தது. அங்கே நோய் பரப்பிய கொசு நிழல்படிந்த சதுப்பு நீரில் வளர்வது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்ததும் நோய் பெருகியது. அங்கே நோய் பரப்பிய கொசு வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. அந்த ஓடைகளின் நிழலைப் பறித்து வெயிலில் திறந்து வைத்தது யார்? தோட்டம் போட்டவர்களே. இரு வகைத் தோட்டத்திலும் இருந்தவன் அதே தமிழன்; அதே ஊர்; அதே உணவு; அதே இரத்தம். ஓரிடத்தில் பிழைத்தான், ஓரிடத்தில் மாண்டான். மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் அடக்கி, எஞ்சிய நீரில் எண்ணெய் தெளித்தபின் அங்கும் பிழைத்தான். இந்த விவரங்களை வாட்சன் நூலாகவே எழுதி வைத்தார்.

குழாய் பதிப்பதற்குப் பணம் வேண்டும். தமிழன் வலுவற்றவன் என்று சொல்வதற்குக் காசு வேண்டியதில்லை. இரத்தத்தைப் பழிக்கும் காரணம் ஏன் எப்போதும் செல்வாக்கோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கருவிக்குள் புகுந்த இனம்

"இவையெல்லாம் வெள்ளையர் ஆட்சிக்காலத்துப் பழங்கதை, மருத்துவம் வளர்ந்துவிட்டது" என்று சொல்வாருண்டு. மருத்துவம் மிக வளர்ந்த நாடு என நாம் எண்ணும் அமெரிக்காவைப் பார்ப்போம்.

அலபாமா மாநிலத்தில் 1932இல் தொடங்கி 40 ஆண்டுகள், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, கிரந்தி நோயுற்ற 399 கறுப்பின ஆடவரையும் ஒப்பீட்டுக்காக நோயற்ற 201 பேரையும் கண்காணித்து வந்தது. மருந்து கொடுப்பதற்காக அன்று. மருந்தில்லாமல் அந்நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக. 1947 அளவில் பெனிசிலின் அந்நோய்க்கு உரிய மருந்தென நிலைபெற்ற பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. அவர்களிடம் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? "உங்களுக்குக் கெட்ட இரத்தம்" என்பது. 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அக்கொடுமை நின்றது. 1997இல் அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டதோடு முடிந்துவிடவில்லை. 1851இல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர், கறுப்பரின் நுரையீரல் வெள்ளையருடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவு குறைந்தது என்றும், அடிமை உழைப்பு அவர்கள் உடலுக்கு நல்லது என்றும் எழுதினார். அடிமை முறை ஒழிந்தது. அந்த எண்ணம் ஒழியவில்லை. மூச்சளவைக் கருவியில் கறுப்பருக்கு 10 முதல் 15 விழுக்காடும் ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடும் கழித்துப் பார்க்கும் 'இனத் திருத்தம்' நம் காலம்வரை வழக்கில் இருந்தது. அதாவது, நுரையீரல் உண்மையிலேயே பழுதுபட்டிருந்தாலும், "உன் இனத்துக்கு இது இயல்புதான்" என்று கருவியே சொல்லிவிடும். இத்திருத்தத்தைக் கைவிடுமாறு அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023இல்தான் பரிந்துரைத்தது.

சிறுநீரகக் கணக்கும் அப்படியே. 1999இல் வந்த ஒரு சூத்திரம், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.2 மடங்கு உயர்த்திக் காட்டியது. பழுதான சிறுநீரகம் தாளில் நலமாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர்கள் பின்னே தள்ளப்பட்டனர். இனத்தைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021இல் முடிவு செய்தார்கள். 2023 முதல் அவ்வாறு இழந்த காத்திருப்புக் காலத்தை ஆயிரக்கணக்கானோர்க்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெருக்கல் வாய்பாட்டில் எத்தனை உயிர்கள் ஒளிந்திருந்தன என்பதைக் கணக்காசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்த விரல்முனைக் கருவியை, ஆக்சிமீட்டரை, நினைவுகூருங்கள். ஒளியைத் தோலின் ஊடே செலுத்தி இரத்தத்தின் உயிர்வளியை அளப்பது அது. 2020 இறுதியில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அக்கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களின் இரத்தத்தை நேரே சோதித்துப் பார்த்தது. உயிர்வளி உண்மையில் 88க்கும் கீழே இறங்கியிருந்தவர் வெள்ளையருள் 3.6 விழுக்காடு, கறுப்பருள் 11.7 விழுக்காடு. கருவிக்கு எவர்மீதும் பகை இல்லை. அது வெளிர்நிறத் தோலையே பெரிதும் அளவுகோலாகக் கொண்டு செப்பம் செய்யப்பட்டது, அவ்வளவுதான். கருநிறத் தோல் நமக்கும் உண்டு என்பதால் இது அடுத்த வீட்டுக் கதையன்று.

கருவி இருக்கட்டும், கற்றவர் உள்ளம் எப்படி? 2016இல் வர்ஜீனியாவில், 222 வெள்ளையின மருத்துவ மாணவரிடமும் பயிற்சி மருத்துவரிடமும் வினாக்கள் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்களில் ஒன்றையேனும் மெய்யென நம்பினர். அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். இவர்கள் கல்லாதார் அல்லர். தேர்வில் முதல் நிலையில் தேறி மருத்துவக் கல்லூரி புகுந்தவர்கள். கல்வி தானாகவே பாகுபாட்டைப் போக்கிவிடும் என்று நம்பும் நம் போன்ற ஆசிரியர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

உபதேசத்தால் திறக்காத கதவு

அதே அமெரிக்கா மற்றொரு பாடத்தையும் தருகிறது. அது நம்பிக்கை தரும் பாடம்.

அந்நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு மருத்துவமனை, கறுப்பருக்கு ஒன்று. அல்லது ஒரே கட்டடத்தின் மேல்மாடி அவர்களுக்கு, நிலவறை இவர்களுக்கு. 1946இல் மருத்துவமனை கட்ட அரசு பணம் கொடுக்கும் சட்டம் வந்தபோதும், பிரித்து வைத்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று விதிவிலக்கு எழுதி வைத்தார்கள். இரத்த தானத்தில்கூடச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர் இரத்தத்தையும் வெள்ளையர் இரத்தத்தையும் 1950 வரை பிரித்தே வைத்திருந்தது. இரத்தத்தில் இனம் இல்லை என்பது அறிவியலுக்குத் தெரிந்திருந்த காலத்திலேயே இது நடந்தது!

சமயத் தலைவர்கள் பேசினார்கள், நல்லவர்கள் வருந்தினார்கள், கதவு திறக்கவில்லை. வட கரோலினா மாநிலத்தில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்னும் கறுப்பினப் பல் மருத்துவர் முதலானோர் வழக்குத் தொடுத்து 1963இல் வென்றனர். அரசுப் பணம் பெறும் எவரும் இனம் பார்க்கக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விதித்தது. 1966 ஜூலையில் முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இனம் பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு அதிலிருந்து ஒரு காசும் கிடையாது என்றனர். பார்வையாளர்கள் நேரில் சென்று படுக்கை படுக்கையாகப் பார்த்தனர். நூறாண்டுப் பழக்கம் சில மாதங்களில் சரிந்தது. ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. வயிற்றுப்போக்காலும் நுரையீரல் அழற்சியாலும் மாண்டுகொண்டிருந்த கறுப்பினக் குழந்தைகளின் சாவு, மிசிசிப்பி போன்ற இடங்களில் அடுத்த சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தது.

அக்குழந்தைகளின் இரத்தம் 1965இல் ஒன்றாகவும் 1970இல் வேறாகவும் இருந்ததா? சட்டம் மாறியது; பணத்தின் வழி மாறியது; கணக்குக் கேட்க ஆள் வந்தார்; குழந்தைகள் பிழைத்தனர்.

மரபு என்பார்க்கு மறுமொழி

"அப்படியானால் மரபுவழி நோயே இல்லையா? மருத்துவர்கள் சொல்வது பொய்யா?" என்று நண்பர்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. உண்டு, மறுக்கவில்லை. தென்னாசியர்க்கு உடல் எடை அவ்வளவாகக் கூடாத நிலையிலேயே நீரிழிவு வரக்கூடும் என்பது ஆய்வுகள் கண்ட உண்மை. அதனால்தான் ஆசியர்க்கு உடல் நிறைக் குறியீடு 23இலிருந்தே கவனம் வேண்டும் என 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது.

ஆனால் இவ்வுண்மையை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. "இவருக்கு முன்னதாக வரக்கூடும்; ஆகவே முன்னதாகச் சோதிப்போம்" என்பது அறிவு. "இவர்களுக்கு வரத்தான் செய்யும், ஆகவே விட்டுவிடுவோம்" என்பது அநீதி. முன்னது நோயாளிக்கு மருத்துவரை அருகில் கொண்டுவருகிறது. பின்னது மருத்துவரை எழுந்து போகவிடுகிறது. நம் ஆசிரியர் அறையில் ஒலிப்பது எது?

பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சீனி கெடுதல், சாராயம் கெடுதல்; ஐயமில்லை. எனினும், தோட்டத்தில் கறிகாய்ப் பாத்தியும் பசுமாடும் வைத்திருந்த குடும்பம், அடுக்ககத்தின் பதினைந்தாம் மாடிக்குப் போனபின் எதை உண்ணும்? இரவு வேலை முடிந்து விடியலில் வருபவர் எந்தத் திடலில் ஓடுவார்? பழக்கத்தைத் திருத்தச் சொல்லும் வாய், அப்பழக்கம் முளைத்த நிலத்தையும் திருத்தச் சொல்லட்டும். வாட்சன் கொயினாவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஓடையையும் சீர்செய்தார்.

நாம் செய்ய வேண்டுவன

இந்நாட்டு அரசு மருத்துவமனையில் இனம் பாராமல் எந்தக் குடிமகனும் ஒரு ரிங்கிட் கட்டி வெளிநோயாளராகச் சிகிச்சை பெறலாம். இது பெருமைக்குரியது, நன்றியோடு சொல்கிறேன். நம் வழக்கு வாயிலைப் பற்றியதன்று. வாயிலுக்கும் மருத்துவரின் மேசைக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியது. அத்தொலைவை மொழி, கூலி, அச்சம், முன்முடிவு ஆகிய நான்கும் நீட்டுகின்றன.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். நான்காவது கூறு நம் காலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தோளில் ஏறியிருக்கிறது. அது அவள் கடமையன்று. தமிழ் மட்டுமே அறிந்த முதியோர் மிகுதியாக வரும் மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்பது நம் உரிமை. சங்கங்கள் மாலையும் பொன்னாடையும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கான முறையான விண்ணப்பங்களுக்குச் செலவிடட்டும். வாய்மொழிக் குமுறல் காற்றோடு போகும். நாள், நேரம், நிகழ்ந்தது எல்லாம் குறித்து எழுத்தில் கொடுக்கும் முறையீட்டுக்குத்தான் விடை வரும். நோய்க் கணக்கையும் சாவுக் கணக்கையும் இனவாரியாகக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். வேற்றுமையை வளர்ப்பதற்காக அன்று. வேற்றுமை எங்கே இருக்கிறது எனக் கண்டு களைவதற்காக. எண்ணப்படாதவன் கவனிக்கப்படுவதில்லை.

அரசு செய்யும்வரை பள்ளி காத்திருக்கவும் வேண்டா. அச்சிறுமியின் கேள்விக்குப் பின் எம் பள்ளியில் ஒரு சிறு பட்டியல் செய்தோம். நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், கைகால் மரத்தல், தலைசுற்றல், வாய் குழறல், சிறுநீர் தடைப்படல் என நாற்பது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும். ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் அதனை மனப்பாடம் செய்து, வீட்டில் பாட்டி தாத்தாவிடம் ஒப்பித்துக் காட்டுகின்றனர். செலவு, தாளுக்கும் மைக்கும் ஆனது மட்டுமே. எல்லாத் தமிழ்ப்பள்ளிகளும் இதனைச் செய்யலாம். நம் பள்ளிகளில் படித்து மருத்துவரானோரும் தாதியரானோரும் நோயாளியிடம் தமிழ் பேசக் கூச வேண்டா. அந்த இரண்டு சொல், மூதாட்டி ஒருத்தியின் உயிராக இருக்கலாம்.

இறுதியாக, நமக்கே கசக்கும் ஒன்று. மருத்துவமனை வரிசையில் நமக்குப் பின்னால் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் மியன்மாரினரும் நிற்கின்றனர். அவர்கள் கட்டும் கட்டணம் நம்முடையதைவிடப் பன்மடங்கு. மொழி தெரியாமல் திகைக்கும் அவர்களைப் பார்த்து, "நோயை இங்கே கொண்டுவந்து பரப்புகிறார்கள்" என்று முணுமுணுப்போர் நம்மவருள் இல்லையா? நம் பாட்டனைப் பற்றித் துரை சொன்ன அதே சொல்லன்றோ அது! அச்சொல்லை நாம் பிறர்மீது எறிந்தால், நம்மீது எறிந்தவனை எதிர்க்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

எம் பள்ளி மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த தான முகாம் நடைபெறும். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அடுத்தடுத்துப் படுத்துக் கொடுப்பர். சென்ற முறை மாணவரை அழைத்துச் சென்று, நிரம்பிய பைகளைக் காட்டினேன். "இதில் எது தமிழர் இரத்தம், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். பைக்குப் பையாகப் பார்த்தார்கள். ஏ, பி, ஓ என்ற எழுத்துகள் இருந்தன, இனம் எழுதியிருக்கவில்லை. "தெரியலையே சார்" என்றான் ஒருவன்.

அந்த விடை சரியான விடை. அதனை அவன் மறவாமல் வளரட்டும். ஆசிரியர் அறையில் நாமும் நினைவில் வைத்துக்கொள்வோம். அடுத்த முறை "இரத்தம்" என்று ஒருவர் தொடங்கினால், நான் தலையாட்டப் போவதில்லை.